திருகோணமலையில் மாரிகாலத்தில் பறவை பார்க்க எங்கே, எப்போது போவது?

கொழும்பிலிருந்து நத்தார் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுப் பறவைகளைக் காட்ட வேண்டும், புறாத்தீவுக்குப் போகலாமா, இல்லாவிட்டால் வேறு எந்தப் பூங்கா நல்லது, பைனாகுலர் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் அந்த இரண்டு வரியை நம்பி வந்தால் பிள்ளைகள் கொக்கையும் காகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் புறாத்தீவு. டிசம்பரில் அதை மறந்துவிடுங்கள். 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் இயற்கையாகக் கூடு வைக்கும் இடம், எல்லாம் சரி. ஆனால் நிலாவெளிக் கரையிலிருந்து படகில்தான் போக வேண்டும், மார்கழியில் வாடை எழும்பினால் அந்தக் கடல் படகுக்கு ஆகாது. அங்கே போகும் காலம் சித்திரைக்குப் பிறகு, சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும்போது. அது பவளப்பாறை பார்க்கும் பயணம். நீங்கள் தேடும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் வடக்கே சைபீரியா போன்ற இடங்களில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். படகுக்காரர் யாராவது "போகலாம், பயமில்லை" என்று சொன்னாலும் பிள்ளைகளோடு ஏற வேண்டாம்.

அடுத்தது பூங்கா என்ற எண்ணம். வாசலில் டிக்கெட் எடுத்து, ஜீப்பில் ஏறி, உள்ளே போய்ப் பார்ப்பதுதான் பறவை பார்ப்பது என்று நம் ஆக்கள் பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் மாரிகாலத்தில் பார்க்க வேண்டியவை வீதியோரத்தில்தான் நிற்கின்றன: களப்பிலும், உப்பளத்திலும், வயலிலும். நகரத்திலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் ஏறினால் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று போய்க் கடைசியில் கொக்கிளாய்க் களப்பு வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எங்காவது ஒரு தண்ணீர்ப் பரப்பு என்று வந்துகொண்டே இருக்கும். இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் நான் அந்த வீதிக்குத்தான் போகச் சொல்வேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த இடம் என்று கேட்பதற்கு முன், அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பட்டியலோடு வருகிறார்கள். போன வருடம் இந்த இடத்தில் பூநாரை நின்றதாம், அதனால் இந்த வருடமும் நிற்கும் என்று. பறவைக்கு அந்த இடத்தின் பெயர் தெரியாது. அதன் காலுக்கும் மூக்குக்கும் எட்டுகிற ஆழத்தில் சாப்பாடு இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த களப்புக்குப் போய்விடும்.

ஒரு களப்பின் ஓரத்தில் நின்று கரையிலிருந்து உள்நோக்கிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். காய்ந்து வெடித்த சேற்றிலும் மணலிலும் உப்புக்கொத்திகள், ஓடியோடிக் கொத்தும் குட்டை மூக்குச் சின்னப் பறவைகள். பளபளவென்று ஈரம் மட்டும் படிந்த சேற்றில் கொசு உள்ளான் (உள்ளான் என்றால் மூக்கால் சேற்றைக் குத்தி இரை தேடும் கரைப்பறவை). கணுக்கால் அளவு தண்ணீரில் வளைமூக்கு உள்ளானும் பவளக்காலியும். இன்னும் ஒரு சாண் உள்ளே பச்சைக்காலி, கருவால் மூக்கன், சிவப்புக் கால்களை எண்ணி எண்ணி வைப்பதுபோல நடக்கும் நெடுங்கால் உள்ளான். அதற்கும் அப்பால் கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. கால் எட்டாத ஆழத்தில் தாராக்களும் கூழைக்கடாவும் நீர்க்காகமும். தண்ணீர் ஒரு அடி உயர்ந்தால் இந்த வரிசையில் முதல் நான்கு வகையும் நிற்க இடமில்லாமல் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

இப்போது இதை நம் காலநிலையோடு பொருத்திப் பாருங்கள். இங்கே கடல் ஓதம் பெரிதாக இல்லை, இரண்டடிக்கு மேல் ஏறி இறங்குவது அரிது. ஐரோப்பாவிலோ குஜராத் கரையிலோ மாதிரி ஓத அட்டவணை பார்த்துப் பறவை பார்க்கப் போகிற வழக்கம் இங்கே பெரிதாக உதவாது. நமக்குத் தண்ணீரை ஏற்றி இறக்குவது மழையும் முகத்துவாரமும். ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, களப்புகள் எல்லாம் நிரம்பிவிடும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. பிறகு ஒரு நாள் மணல் மேடு தானாக உடைந்துகொள்ளும், சில இடங்களில் ஆக்கள் வெட்டியும் விடுவார்கள். உடைந்தவுடன் களப்பு வடியும், சேறு வெளியே வரும், நேற்றுவரை ஒன்றுமில்லாமல் கிடந்த இடத்தில் அடுத்த நாள் விடிய நூற்றுக்கணக்கில் உள்ளான்கள் இறங்கியிருக்கும். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரைக்கும் வெயில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போக, சேற்று ஓரம் நாளுக்கு நாள் அகலமாகும். என்னைக் கேட்டால் அதுதான் திருகோணமலையின் நல்ல காலம். பறவைகள் புரட்டாசியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன, டிசம்பரில் இல்லாமல் இல்லை. ஆனால் டிசம்பரில் தண்ணீர் அவற்றைச் சிதறடித்து வைத்திருக்கும்.

பயணத்தைப் பெப்ரவரிக்குத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள். ஒரு நீண்ட வார இறுதி போதும். பாடசாலை விடுமுறையை மாற்ற முடியாது என்றால் பரவாயில்லை, டிசம்பருக்கு வேறு ஒழுங்கு இருக்கிறது.

டிசம்பரில் உப்பளத்தை நம்புங்கள். நிலாவெளிப் பக்கத்து உப்பளமும் அதைச் சுற்றியுள்ள பெரியகரைச்சி, சின்னகரைச்சித் தாழ்நிலங்களும் வரம்பு கட்டிப் பிரிந்து கிடப்பதால் ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் ஒவ்வொரு அளவில் நிற்கும். களப்பு முழுதும் மூழ்கிக் கிடக்கிற நாளிலும் எங்காவது இரண்டு பாத்தி ஆழம் குறைவாகக் கிடைக்கும், சுற்றுவட்டத்து உள்ளான்கள் அங்கே வந்து நெருக்கியடித்து நிற்கும். வீதியோரத்தில் வாகனத்தை ஓரங்கட்டி, கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கி, வாகனத்தின் மறைவிலேயே நின்று பாருங்கள். வரம்பில் ஏறி நடக்க வேண்டுமென்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு எந்தப் பாத்தியில் எது நிற்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும், கேட்டால் சந்தோஷமாகக் கை காட்டுவார்கள்.

நேரம் காலைதான். இதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. இந்த வீதியில் களப்பும் உப்பளமும் பெரும்பாலும் மேற்குப் பக்கம், கடல் கிழக்குப் பக்கம். விடிய நீங்கள் களப்பைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் கடலிலிருந்து எழும்பும், பறவையின் கால் நிறம், மூக்கு வளைவு, இறகின் கோடு எல்லாம் தெளிவாகத் தெரியும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எதிர்வெயிலில் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் ஒன்றுபோலவே இருக்கும், பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். டிசம்பர் கடைசியில் சூரியன் ஆறேகால், ஆறரைக்குத்தான் வரும். அதற்கு முன் இடத்தில் நில்லுங்கள், ஒன்பதுக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

எதைக் காட்டுவது? பிள்ளைகளை மட்டுமல்ல, பெரியவர்களையும் ஒரு எண்ணம் குழப்புகிறது. பெரிதாக, வெள்ளையாக, அழகாக நின்றால் வெளிநாட்டுப் பறவை என்று நினைக்கிறோம். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கொக்கு வகைகள், அரிவாள் மூக்கன் எல்லாம் இந்த நாட்டிலேயே கூடு வைத்துக் குஞ்சு பொரிப்பவை. காலடியில், சேற்று நிறத்திலேயே, இருக்கிறதே தெரியாமல் ஓடித் திரிகிற சின்னன்தான் வெகு தூரத்திலிருந்து வந்தது. கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 25, 30 கிராம்தான் இருக்கும். அது முட்டையிடுவது வட துருவத்தை அண்டிய தரிசுநிலத்தில். வளைமூக்கு உள்ளானும் அப்படித்தான், சைபீரியாவின் வட கோடியிலிருந்து இமயத்துக்கும் இந்தியாவுக்கும் மேலாக நிலாவெளிக்கு வந்து நிற்கிறது. இந்த வழியை மத்திய ஆசிய வலசைப் பாதை என்பார்கள், அதன் தெற்கு முனைகளில் ஒன்று இலங்கை. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறிய ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனது பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு அந்தச் சின்னப் பறவையைக் காட்டுங்கள், பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

இனம் பிரிக்கத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். முதல் நாளில் பெயர் தேவையில்லை, சாப்பிடுகிற விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்கொத்தி ஐந்தாறு அடி விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சரித்துப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அதற்குப் பெரிய கண், குட்டை மூக்கு. கண்ணால் பார்த்து இரை எடுக்கிற பறவை. உள்ளான் அப்படி நிற்காது. தலையைக் குனிந்தபடியே நடந்து நடந்து மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டே போகும், மூக்கு நுனியின் உணர்ச்சியால் இரையைத் தேடுகிறது. கருவால் மூக்கனிடம் இன்னும் ஒரு வித்தை உண்டு: நீள மூக்கை அடிவரை சேற்றுக்குள் விட்டபிறகு, மற்றப் பகுதி மூடியிருக்க, நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வ அதனால் முடியும். பைனாகுலரில் பார்த்தால் முகம் கண்வரை தண்ணீரில் அமிழ்ந்து, கழுத்து ஒரு கணம் விறைத்து, பிறகு மெதுவாக இழுபட்டு வருகிற புழு தெரியும். இந்த இரண்டு வகை நடையையும் பிரித்துவிட்டால் கரையில் நிற்கிற கூட்டத்தில் பாதியைப் பிரித்துவிட்டீர்கள்.

உப்புக்கொத்தியில் ஒன்றை மட்டும் தனியாகத் தேடுங்கள். முன்பு கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாக எண்ணப்பட்டது, 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இருக்கிறது. மற்றவை பயணத்துக்கு ஆயத்தமாகும்போது இது இங்கேயே மணலில் முட்டையிடும். உள்ளங்கையளவு பறவை, நம்முடைய பறவை. கரையோர மணலில், கற்களும் சிப்பிகளும் சிதறிக் கிடக்கிற இடத்தில் அதன் முட்டை கண்ணில் படவே படாது, அதனால் பங்குனிக்குப் பிறகு மணல்வெளியில் வாகனம் விடுவதும் நாயை அவிழ்த்துவிடுவதும் எவ்வளவு பெரிய கேடு என்று யோசித்துப் பாருங்கள்.

பூநாரையைப் பற்றியும் கேட்பீர்கள். வரும், சில வருடம் குச்சவெளிப் பக்கம், சில வருடம் கொக்கிளாயில். நம்பி வர வேண்டாம், கண்டால் சந்தோஷப்படுங்கள். கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமாக்கப்பட்டது, முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே கிடக்கிற பெரிய தண்ணீர். தாராக் கூட்டங்களுக்கு அது நல்ல இடம். ஊசிவால் தாரா தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை நேராக மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் தூரத்தில் நிற்கும், முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி இல்லாமல் புள்ளிகளாகத்தான் தெரியும். நகரத்திலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும், குச்சவெளிக்கு அப்பால் விடிய இருட்டில் யானை வீதிக்கு வரும். சின்னப் பிள்ளைகளோடு முதல் பயணத்தில் அவ்வளவு தூரம் வேண்டியதில்லை.

இரண்டாவது காலைக்குத் தெற்கே தம்பலகாமம் போங்கள். மார்கழியில் பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும், இடையிடையே தண்ணீர். வயலுக்கு மேல் தாழப் பறந்து, சிறகை V போலத் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்து போகும் பருந்தைக் கண்டால் அது பூனைப்பருந்து, குளிர்காலத்துக்கு வந்தது. வயலின் மேல் வளைந்து வளைந்து பறக்கும் வெள்ளைச் சாம்பல் பறவை மீசை ஆலா. வரம்பில் பொரி உள்ளான், வாலை ஆட்டிக்கொண்டு மஞ்சள் வாலாட்டி, மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும். நத்தைகுத்தி நாரை கிட்டவே நிற்கும், அதன் இரண்டு மூக்குப் பாதிகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளியைக் காட்டுங்கள். கந்தளாய்க் குளம் அங்கிருந்து தூரமில்லை, ஆனால் மாரியில் அது விளிம்பு வரை நிரம்பி நிற்கும், உள்ளானுக்கு ஓரமே இருக்காது. கடற்கழுகும் நீர்க்காகமும் பார்க்கலாம், அணைக்கட்டில் காற்று வாங்கலாம்.

மழை விடாமல் பெய்தால் நகரத்திலேயே இருங்கள். கோட்டைக்குள் பெரிய மரங்களின் கீழ் மான்களோடு நடந்து கோணேசர் கோயில் வரை போய், இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் வெண்வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் கண்மட்டத்தில், சில வேளை கண்ணுக்குக் கீழேயும் பறக்கும். மரமுள்ள வளவுகளில் பழுப்புக் கீச்சானும், வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பானும் இந்த மாதங்களில் உண்டு. விடிகிற நேரத்திலும் பொழுதுபடுகிற நேரத்திலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் ஆறுமணிக் குருவி, தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். இந்தியாவில் கூடு வைத்துவிட்டு ஐப்பசியளவில் நம் வளவுகளுக்கு வருகிறது. வந்திறங்கும் களைப்பில் வீட்டுக் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள்; அனேகமாகச் சில மணித்தியாலத்தில் தெளிந்துவிடும், பொழுதுபட மரத்தடியில் திறந்துவிடுங்கள்.

கருவி பற்றி. பைனாகுலர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் களப்புக்குப் போவதில் பிரயோசனம் இல்லை. வாங்குவதானால் 8x42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பிள்ளையால் பறவையைப் பிடிக்கவே முடியாது. இரண்டு பிள்ளைக்கும் ஒன்றை மட்டும் கொண்டு போனால் பறவை பார்ப்பதைவிடச் சண்டை தீர்ப்பதுதான் வேலையாக இருக்கும், இன்னொன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கைபேசியில் பறவையை இனங்காண உதவும் மெர்லின் செயலியை, இலங்கைப் பறவைகள் அடங்கிய தொகுப்போடு வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய நிறச் சட்டை, தொப்பி, மழைக்கோட்டு, நனைந்தால் பரவாயில்லாத சப்பாத்து. சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, பாணும் சம்பலும். ஆறு மணிக்கு அந்த வீதியில் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

இரண்டு எச்சரிக்கை. பெரிய லென்ஸ் போட்ட கமராவைப் படைமுகாம், கடற்படை எல்லை பக்கம் திருப்பாதீர்கள், பறவையைத்தான் எடுத்தோம் என்று விளக்கிக்கொண்டிருக்க ஒரு காலை போய்விடும். அடுத்தது, கண்டல் ஓரத்திலும் குளக்கரையிலும் தண்ணீருக்குக் கிட்ட இறங்க வேண்டாம், முதலை உண்டு. சுரியும் மேலே காய்ந்ததுபோல் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் வேண்டுமென்று கல்லெறிவதையும் கைதட்டுவதையும் அந்த வீதியில் அடிக்கடி காண்கிறோம், சிலர் டிரோனும் விடுகிறார்கள். அந்தப் பறவைகள் இங்கே வந்திருப்பது சாப்பிடுவதற்கு. பங்குனி சித்திரையில் திரும்பிப் புறப்படுவதற்கு முன் கொழுப்புச் சேர்த்து, சில இனங்கள் எடையை இரட்டிப்புக்குக் கிட்ட ஏற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒருமுறை எழுப்பினால் அது சாப்பிட்டுச் சேர்த்ததில் ஒரு பங்கு அந்தப் பறப்பிலேயே கரைந்துவிடும், அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு வாகனம் வரும். பறவை சாப்பிடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நில்லுங்கள், இரண்டடி பின்னுக்கு வாருங்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பக் குனியும்.

வருகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரமே நிலாவெளிக்கு வந்துவிடுவீர்கள் என்றால், இருட்டுவதற்குள் ஒருமுறை இறக்கக்கண்டிப் பாலத்திலிருந்து உப்பளம் வரைக்கும் மெதுவாக வாகனத்தில் போய், எந்தப் பாத்தியில் தண்ணீர் குறைவு என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடிய நேரே அங்கே போகலாம்.